அம்புக்குறியின் பின்னால் போன பகல்

கணினித் திரையில் ஒரு கோப்பின் படம், அதன் கீழ் மூலையில் எறும்பு அளவுக்கு ஓர் அம்புக்குறி. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கணினி அல்ல. சேலைக்கு மேல் வெயிலுக்காகப் போட்டுக்கொண்ட ஒரு கட்டம் போட்ட ஆண்கள் சட்டையின் முதுகுப்பக்கம். திருவாரூரிலிருந்து பேராவூரணி வரை ஸ்கூட்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்து அந்தச் சட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். சாலையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வண்டியை ஓட்டியவர் மெம்பரக்கா. ஊராட்சியில் வார்டு மெம்பர் என்பது அவருடைய பதவி. ஓட்டுகிற வேகத்தை மட்டும் பார்த்தவர்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் என்று நினைத்திருப்பார்கள். எதிரே வந்த இரண்டு லாரிக்காரர்கள் அவருக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டதை நான் கண்ணை மூடியபடி காதால் கேட்டேன்.

அம்புக்குறி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் சில சமயம் பூட்டிய ஷட்டரில் ஓர் அட்டை தொங்கும், ‘கடை பஸ் ஸ்டாண்டு எதிரில் மாற்றப்பட்டுள்ளது’ என்று. லினக்ஸில் லிங்க் என்பது அந்த அட்டைதான். பார்க்கக் கோப்பு மாதிரியே இருக்கும். பெயரும் கோப்பின் பெயரே. அதைத் தட்டினால் கோப்பும் திறக்கும். ஆனால் உள்ளே சரக்கு கிடையாது. அசல் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும் எழுதியிருக்கும். மூலையில் இருக்கும் அம்புக்குறி, ‘நான் அட்டை, கடை அல்ல’ என்று அது நேர்மையாகச் சொல்லிக்கொள்ளும் முறை. அசலை யாராவது எடுத்துவிட்டால் அட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கடையே வீட்டுக்கு வந்துவிட்டது என்று நம்பிய ஒருவன் திருவாரூரில் இருந்தான். அவனைப் பற்றி இதில் நிறைய வரும். நல்ல பையன், நன்றாகச் சாப்பிடுவான்.

அப்போது நான் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். ட்ரோன் ஓட்டுவதும் நான்தான். கல்யாண வீடுகளிலிருந்து வரும் பென் டிரைவ்களில் மொய் வைப்பதுபோல ஆளுக்கொரு வைரஸ் வைத்து அனுப்பிக்கொண்டிருந்ததால், ஒரு நண்பன் பேச்சைக் கேட்டு ஸ்டுடியோக் கணினியில் லினக்ஸைப் போட்டேன். போட்ட நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அல்வா வாங்க வந்தவரிடம்கூட அல்வாவைப் பற்றிப் பேசாத மிட்டாய்க்கடைக்காரர் உண்டு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவரிடம் லினக்ஸைப் பற்றிப் பேசாத நாள் எனக்குக் கிடையாது. முதலாளிக்கு அதில் ஒரே மனக்குறைதான். “நீ பேசி முடிக்கறதுக்குள்ள கஸ்டமருக்குத் தாடி வளந்துடுதுடா. அப்புறம் போட்டோவுல ஆளு அடையாளம் தெரிய மாட்டேங்குது” என்பார்.

திரையில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். அதில் இருப்பதெல்லாம் லிங்க். அசல் படங்கள் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கும். டிஸ்க்குகளுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். அதில் ஒன்றின் பெயர் மாப்பிள்ளை. கொஞ்சம் அசைத்தாலும் கோபித்துக்கொண்டு நின்றுவிடும், எப்போதும் சூடாக இருக்கும், அதைக் கேட்காமல் வீட்டில் ஒரு வேலையும் நடக்காது. லினக்ஸ் முறைப்படி அதை நானே ஃபார்மட் செய்து, பொட்டு வைக்காத குறையாகத் தயார் செய்திருந்தேன்.

வைகாசியில் ஒரு காலை மெம்பரக்கா ஸ்டுடியோவுக்குள் வந்தார். திருத்துறைப்பூண்டி சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஓர் ஊர் அவருடையது. அதற்கு முந்தைய கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு நாளில், அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு நான்தான் ட்ரோன் எடுத்திருந்தேன். வந்தவர் உட்காரவில்லை. கையிலிருந்த ஹெல்மெட்டை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

“பொண்ணு வீட்டுல கல்யாண வீடியோப் பாட்டைப் பாத்தேன் தம்பி. எங்க வயல்ல அன்னம் நீந்துது.”

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் வெட்கப்பட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் சாலையில் நடக்க, பக்கத்தில் வயல் முழுக்க மழைத் தண்ணீர் நின்ற காட்சி அது. கலங்கல் தண்ணீரை நீலமாக்கி, சாலையில் நின்ற டிராக்டரையும் மின்கம்பத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீரில் வெள்ளை அன்னங்களை மிதக்கவிட்டிருந்தேன். என் தொழில் வாழ்க்கையின் உச்சம் அது என்று நம்பியிருந்த காலம்.

“நல்லா இருந்துச்சாக்கா?”

“எங்க ஊருக்குக் கொக்கே எப்பவாச்சும் மனசு வந்தாத்தான் வரும். நீ அன்னத்தைக் குடும்பத்தோட எறக்கி வுட்டுருக்க. எனக்கு அன்னம் வேணாம், தண்ணி வேணும். நெசமான தண்ணி. நீ எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி.”

அவர் ஊர்ச் சாலையை உயர்த்திப் போட்டபோது அடியில் இருந்த பழைய குழாய் மண்ணுக்குள் போய்விட்டது. அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை சாலைக்கு மேற்கே தேங்கி நின்று, நட்ட சம்பாவை அழுக வைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு பாலம் போட ஏற்பாடாகிவிட்டது. சின்னப் பாலம், ஒரே பாலம். எந்த இடத்தில் என்பதில்தான் ஊர் இரண்டாகி நின்றது. தண்ணீர் முட்டும் இடத்தில் போடவேண்டும் என்றார் மெம்பரக்கா, கோயில் முனையில் என்று பெரிய மனிதர்கள் சிலர் சொன்னார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், பாலத்துக் கட்டையில் சாயங்காலம் உட்கார்ந்து பேச அங்கேதான் நிழல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாலம் என்றால் பாதி தண்ணீர் போக, பாதி ஆட்கள் உட்கார. அதனால் அந்தக் காரணத்தை யாரும் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. மறுநாள் காலை இன்ஜினியர் வந்து இடத்தைக் குறிப்பதாக இருந்தது.

“கோடையில வந்து தண்ணி எங்க முட்டுதுன்னு கேக்கறாரு. நான் வெடிச்சுக் கெடக்கற மண்ணைக் காட்டி, இதுல இடுப்பளவு நிக்கும் சார்ன்னா, மனுசன் சிரிக்காம என்ன பண்ணுவாரு? என் ஃபோன்ல எடுத்தது இருக்கு. கீழ நின்னு எடுத்தா எல்லாம் தண்ணிதான், எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியல. மேலேர்ந்து எடுத்தது உன்கிட்டதான் இருக்கு. அந்த அன்னப் பாட்டைக் காட்டுனா, உதயமார்த்தாண்டபுரத்துக்கு ஃபோன் போட்டு இந்த வயலையும் பறவைச் சரணாலயத்துல சேத்துக்கங்கம்பாரு.”

இதெல்லாம் ஒரு வேலையா என்ற பாவனையில் நான் நாற்காலியைத் திருப்பினேன். கல்யாண ஃபோல்டரைத் திறந்து, ட்ரோன் காட்சியை ஸ்டைலாக இருமுறை தட்டினேன். திறக்கவில்லை. லிங்க் உடைந்துவிட்டது, அது காட்டும் கோப்பு இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. இன்னொரு முறை தட்டினேன், அதே பெட்டி. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் முகம் மாறுவதை மெம்பரக்கா பல அலுவலகங்களில் பார்த்துப் பழகியவர்.

“என்ன, சர்வர் டவுனா?” என்றார்.

“இல்லக்கா, இது அட்டை. கடை வேற எடத்துல இருக்கு. விலாசம் பாத்துடலாம்.”

இந்த இடத்தில் லினக்ஸின் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லிங்க் உடைந்தாலும் விலாசத்தை மறப்பதில்லை. அதன்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், ‘லிங்க் டார்கெட்’ என்று அசலின் முழு விலாசமும் இருக்கும்: எந்த டிஸ்க், அதில் எந்த ஃபோல்டர், அதற்குள் எந்தக் கோப்பு என்று தெரு, சந்து, கதவு எண் மாதிரி. டிஸ்க் செருகியிருந்தால் ‘அசலுக்குப் போ’ என்பதைத் தட்டினாலே ஃபைல் மேனேஜர் அந்த வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும். நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டே திறந்தேன். விலாசத்தின் நடுவில் தெளிவாக இருந்தது: மாப்பிள்ளை.

“மாப்பிள்ளை எங்கங்க?” என்று முதலாளியைக் கேட்டேன்.

“பேராவூரணிக்குப் போயிருக்கு” என்றார் அவர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல். “அங்க நம்ம கூட்டாளி ஸ்டுடியோல டிஸ்க்கு பத்தலன்னாரு. குடுத்துவுட்டேன்.”

பேராவூரணிக்காரருக்கு ஃபோன் செய்தேன். ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார். நாதஸ்வரத்துக்கு நடுவே அவர் குரல் வந்து வந்து போயிற்று. “அந்த டிஸ்க்காப்பா? அது செத்துப்போச்சு போலருக்கே. சொருகுனா ஃபார்மட் பண்ணவா, ஃபார்மட் பண்ணவான்னே கேக்குது. முகூர்த்தம் முடிஞ்சு சாப்புட்டுட்டுப் போயி ஓகே குடுக்கணும்” என்றார். அதோடு கெட்டிமேளம் கொட்டிவிட்டது. பிறகு எத்தனை முறை அடித்தும் அவர் எடுக்கவில்லை. எடுத்தாலும் கேட்டிருக்காது.

அவருடைய கணினி வேறு வம்சம், அதன் குலதெய்வம் வேறு. லினக்ஸ் முறையில் தயாரான டிஸ்க்கைச் செருகினால் அதற்கு ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று சொல்லாமல், ‘சுத்தமாகத் துடைத்துவிடவா?’ என்று கேட்கும். விருந்தாளி பேசுவது புரியாவிட்டால் குளிப்பாட்டவா என்று கேட்பதுபோல. ஓகே என்று ஒரு தட்டு, அசல் போயிற்று. அவர் சாப்பிட உட்கார்ந்து, பாயசம் குடித்து, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். நான் பஸ் நேரத்தை யோசிப்பதற்குள் மெம்பரக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“லேப்டாப்பை எடு. நான் ஓட்டறேன்.”

“நான் மட்டும் போய்ட்டு வந்துடறேனேக்கா.”

“நீ மட்டும் போனா அங்கயும் ரெண்டு அன்னத்தை வுட்டுட்டு வந்துடுவ.”

ப்ளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில்தான் என் லினக்ஸ் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. பேராவூரணியில் மாப்பிள்ளையோடு பேச அது ஒன்றால்தான் முடியும். பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினேன்.

திருத்துறைப்பூண்டி தாண்டும்வரை நான் பேசவில்லை. வாயைத் திறந்தால் பூச்சி போகும் வேகம். முத்துப்பேட்டையில் கருவாட்டு வாசனை வந்த இடத்தில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றதும் எனக்கு உயிர் வந்தது, அவருக்குப் பேச்சு வந்தது. முன்னால் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வயலில் அவருடைய அப்பா கூலிக்கு நட்டவர். இப்போது அதே வயலை அவர் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்கிறார். “எங்கப்பா காலத்துல அது அடுத்தவங்க தண்ணி, முட்டுனா அவங்க கவலை. இப்ப என் பயிருல்ல முழுகுது. ஒவ்வொரு கார்த்திகையும் மழை பேஞ்சா ஊரே ஜில்லுன்னு இருக்குங்குது, எனக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வர்றதில்ல. ஓட்டுக் கேட்டப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். தண்ணியை அந்தாண்ட அனுப்பறேன்னேன். வேற எதையும் சொல்லல. அதையும் செய்யலன்னா நான் என்ன மெம்பரு?” கேட் திறந்தது. எனக்கு மறுபடி சட்டைக் கட்டங்கள்தான் உலகம். ஆனால் அதற்குமேல் வேகத்துக்குப் பயப்படத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்குங்கக்கா என்று நானே சொன்னதாக ஞாபகம்.

பட்டுக்கோட்டைக்குப் பிறகு இரண்டு பக்கமும் தென்னை. பேராவூரணியில் அந்த ஸ்டுடியோவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வாசலில் முதலாளியின் கூட்டாளியே பெரிய படமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே அசலாகவும் இருந்தார். கல்யாணச் சாப்பாடு முடிந்து, வாய் நிறைய வெற்றிலை, பாதி மூடிய கண். ஒரு கை மௌஸின் மேல். திரையில் அந்தக் கேள்வி. மௌஸின் முனை ‘ஓகே’வின் மேல் உட்கார்ந்திருந்தது.

மெம்பரக்கா நேராகப் போய் அவர் கையின் மேல் தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“கையை மட்டும் எடுங்கண்ணே. ஆடாம, அசையாம, மெதுவா எடுங்க.”

அவர் பாம்பு ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிட்டார். வெற்றிலையை விழுங்கியபடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நான் டிஸ்க்கைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நிஜமான மாப்பிள்ளைகளுக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது. என் லேப்டாப்பைத் திறந்து செருகியதும், அங்கே செத்துப்போனது இங்கே எழுந்து உட்கார்ந்தது. எல்லா ஃபோல்டர்களும் வந்தன. ‘பாத்தீங்களாண்ணே, இதான் லினக்ஸு’ என்று பேராவூரணிக்காரரிடம் ஆரம்பித்தேன். அவர் இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டுவர எழுந்து போனார். லினக்ஸைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இளநீர் வெட்டப் போகிறவர்கள் அதிகம்.

கல்யாண ஃபோல்டரைத் திறந்தேன். ட்ரோன் காட்சிகள் வரிசையாக இருந்தன. வெற்றி என்று சொல்ல வாயைத் திறந்தபோது மெம்பரக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். காலையில் சொன்ன பாடம் அவருக்கு நன்றாக மனதில் பதிந்துவிட்டிருந்தது. பாடம் எடுத்தவனுக்குத்தான் பதியவில்லை.

“தம்பி, இதுலயும் மூலையில அம்பு இருக்கே.”

இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. மாப்பிள்ளைக்குள் இருந்ததும் அட்டைகள்தான்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கல்யாணத்தன்று சாயங்காலம் ஞாபகம் வந்தது. ட்ரோனிலிருந்து எடுத்த காட்சிகளை முதலில் லேப்டாப்பில் இறக்கினேன். பிறகு கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் இழுத்து மாப்பிள்ளைக்குள் போட்டேன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு பெரிய கோப்புகள் அவ்வளவு வேகத்தில் ஏறியதைப் பார்த்து, பந்தியில் எனக்குப் பக்கத்தில் சாப்பிட்டவரிடம் லினக்ஸின் வேகத்தைப் பற்றி ரசம் வரும்வரை பெருமை பேசினேன். அந்த இரண்டு பொத்தான்களையும் அழுத்திக்கொண்டு இழுத்தால் கோப்பு போகாது, லிங்க் மட்டும் போகும் என்பது எனக்குத் தெரியும், அன்று தோன்றவில்லை. பாத்திரம் வாங்கியவர்கள் எல்லாம் சமைப்பதில்லை.

“விலாசத்தைப் பாரு” என்றார் மெம்பரக்கா.

ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். லிங்க் டார்கெட் ‘ஹோம்’ என்று ஆரம்பித்து, அடுத்து என் பெயரைக் காட்டியது. அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“இது யாரு வீடு?”

“என்னுதுதாங்கக்கா.”

“உன் வீட்டுக்குப் போவணுமா அப்ப? திருவாரூரா?”

நான் லேப்டாப்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், வெளியே வெயிலில் நின்ற ஸ்கூட்டியைப் பார்த்தார்.

“முதுகுல மாட்டிட்டு வந்தியே, இதுக்குள்ளயா?”

“ஆமாங்கக்கா.”

“இதத் தேடித்தான் இதையும் தூக்கிட்டு வந்தமா?”

இளநீரோடு வந்த பேராவூரணிக்காரருக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெம்பரக்கா சிரிக்கவில்லை, சிரிப்பைப் பிறகு வட்டியோடு எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். நான் ‘அசலுக்குப் போ’ என்பதைத் தட்டினேன். வாசல் வரை போயிற்று. வீடு காலி. அந்த ஃபோல்டரில் ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதுதான் வேதனை. பாட்டை லேப்டாப்பில் எடிட் செய்து முடித்ததும், அசல்தான் மாப்பிள்ளையிடம் பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்து, லேப்டாப்பில் இருந்ததை நானே அழித்தேன். கடையை இடித்துவிட்டு அட்டையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லிவிட்டேன். மெம்பரக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஸ்கூட்டி இருக்கையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“சரி வுடு” என்றார். “வெடிச்ச மண்ணைத்தான் காட்டணும்ன்னு இருக்கு.” இளநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்துக் கேட்டவர் மாதிரி, “அழிச்சத எங்க போட்ட?” என்றார்.

“குப்பையிலதாங்கக்கா.”

“குப்பையை அள்ளிட்டுப் போயிட்டாங்களா?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குப்பையைக் கொட்டுவது என் வழக்கத்திலேயே கிடையாது. லேப்டாப்பில் இடமே இல்லை, இடமே இல்லை என்று பல மாதங்களாக நான் அழுதுகொண்டிருந்ததற்குக் காரணமும் அதுதான். ட்ராஷைத் திறந்தேன். பழைய சினிமாப் படங்கள், பாதியில் விட்ட ரெஸ்யூம்கள், ஒரு பெண்ணுக்கு எழுதி அனுப்பாத வாழ்த்து. மெம்பரக்கா அதையெல்லாம் வாசிக்காமல் இருக்க வேகமாக உருட்டினேன், அவர் வாசித்துவிட்டார். கீழே, வரிசையாக, ட்ரோன் காட்சிகள். அம்புக்குறி இல்லாமல். லினக்ஸ் குப்பையில் இன்னொரு அழகு உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். மாப்பிள்ளையிடம் இருந்த அட்டையும், குப்பையில் கிடந்த அசலும், இரண்டும் ஒரே விலாசத்தைச் சொல்லிக்கொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் இருந்திருக்கின்றன. மீட்டெடு என்று தட்டினேன். அசல் தன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தது. மாப்பிள்ளையில் இருந்த லிங்க்கைத் தட்டியதும் படம் ஓடியது.

இருபக்கமும் வெட்டாத, நீலம் பூசாத படம். டீத்தண்ணீர் நிறத்தில் வயல். நடுவே சாலை, டிராக்டர், ஒரு மின்கம்பம். பெண்ணும் மாப்பிள்ளையும் நான் கையசைப்பதற்காகக் காத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், தண்ணீரில், பச்சைப் பச்சையாக என்னவோ மிதந்து போகிறது.

“எலை” என்றார் மெம்பரக்கா.

சாப்பிட்டு முடித்த பந்தி இலைகள். பந்தலுக்குப் பின்னால் வயலோரத்தில் கொட்டியதைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. கல்யாணப் பாட்டில் எச்சில் இலை மிதந்தால் பெண் வீட்டார் என்னை வயலிலேயே மூழ்கடித்திருப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு இலையின் மேலும் ஓர் அன்னத்தை உட்காரவைத்தேன். அன்று அதை வெறும் குப்பையாகத்தான் பார்த்தேன். இப்போது இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். இலைகள் வயலெங்கும் பரவவில்லை. கோயில் முனைப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் ஒரே திசையில் மெதுவாக வந்து, மின்கம்பத்துக்குக் கொஞ்சம் தெற்கே, சாலையோரத்தில் ஒரே இடத்தில் முட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம் மாதிரி.

மெம்பரக்கா திரையில் அந்த இடத்தில் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை. “நான் சொன்னேன்ல. நான் சொல்லிக்கிட்டேதான இருந்தேன்” என்றார். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை. பேராவூரணிக்காரர் கொடுத்த இரண்டு பென் டிரைவ்களில், என் லேப்டாப்பிலிருந்து அதை அசலாகவே, அட்டையாக இல்லாமல், ஏற்றினேன். ஏறுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. மெதுவாக ஏறுவதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. திரும்பும் வழி முழுக்க மெம்பரக்கா வட்டியை வசூலித்தார். பட்டுக்கோட்டையில் ஆரம்பித்த சிரிப்பு திருத்துறைப்பூண்டி வரை நிற்கவில்லை. வண்டி ஒருபக்கமாக ஆடும்போதெல்லாம் அவர் அந்த அனுப்பாத வாழ்த்தை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

மறுநாள் காலை சாலையில் நல்ல கூட்டம். இன்ஜினியர் அமைதியான மனிதர். கோயில் முனையில் நிழலைப் பற்றி ஒருவர் உருக்கமாகப் பேசி முடித்திருந்தார். வெயிலில் லேப்டாப் திரை தெரியாததால், மெம்பரக்கா ஒரு கருப்புக் குடையை விரித்தார். அதற்குள் இன்ஜினியர், நான், அவர் மூவரும் தலையை நுழைத்துக்கொண்டோம். வெளியே இருந்தவர்களுக்கு ஏதோ ரகசிய நிச்சயதார்த்தம் மாதிரி தெரிந்திருக்கும். படம் ஓடியது. “இன்னொரு தடவை போடுங்க” என்றார் இன்ஜினியர். போட்டேன். “இது எப்ப எடுத்தது?” என்று கேட்டார். பெண்ணின் அப்பாவே கூட்டத்தில் இருந்தார். “எங்க வீட்டுக் கல்யாணம் சார். அது எங்க வீட்டு எலைதான்” என்று, சபையில் சொல்ல வேண்டிய பெருமை மாதிரி சொன்னார்.

இன்ஜினியர் குடையிலிருந்து தலையை எடுத்து மின்கம்பத்தைப் பார்த்தார். அங்கிருந்து தெற்கே மெதுவாக நடந்தார். மொத்தக் கூட்டமும் பின்னால் போயிற்று. ஓரிடத்தில் நின்று, கீழே வறண்ட வயலைப் பார்த்து, காலால் மண்ணைத் தேய்த்தார். “பழைய குழாய் இங்கதான் இருந்துச்சா?” என்றார். “ஆமாங்க சார்” என்று பதில் வந்தது, நிழலைப் பற்றிப் பேசியவரிடமிருந்தே. அவருக்கும் தெரியும், நிழல்தான் கொஞ்சம் மறைத்துவிட்டது. சுண்ணாம்புத் தூளால் சாலையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. மெம்பரக்கா அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று, முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். வெயில் அதிகம்தான்.

அந்த ஸ்டுடியோவில் இப்போது நான் இல்லை. சொந்தமாகச் சின்னதாக ஒன்று வைத்திருக்கிறேன், அன்னம் கேட்பவர்களுக்கு அன்னமும் விடுகிறேன், பிழைப்பு அப்படி. ஆனால் எதையும் அழிப்பதற்கு முன் மூலையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மெம்பரக்கா இப்போது ஊராட்சித் தலைவர். நான் இன்னும் மெம்பரக்கா என்றே கூப்பிடுகிறேன், அவரும் திருத்துவதில்லை. கோயில் முனைக்காரர்கள் சாயங்காலம் புதுப் பாலத்துக் கட்டைக்கே வந்துவிடுகிறார்கள். நிழல் இல்லாவிட்டாலும் காற்று வருகிறதாம்.

பாலம் வந்த வருடம் கார்த்திகையில் நல்ல மழை. விட்ட அன்று காலையிலேயே ஃபோன் வந்தது, ட்ரோனை எடுத்துக்கொண்டு வா என்று. கல்யாணம் எதுவும் இல்லை. பாலத்தின் மேல் நின்று ட்ரோனை ஏற்றினேன். காலுக்கடியில் தண்ணீர் இரைச்சலோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால், சாலைக்கு இரண்டு பக்கமும் ஒரே பச்சை. தேங்கின இடம் இல்லை, மினுங்கும் தண்ணீர் இல்லை, கண் நிற்க ஒரு பொருள் இல்லை. முன்னால் கொண்டுபோனேன், பின்னால் கொண்டுவந்தேன்.

“ஒண்ணுமே இல்லையேக்கா. நாத்துதான் நிக்குது. என்னத்த எடுக்கறது?”

அவர் என் தோளுக்கு மேலாகச் சின்னத் திரையை எட்டிப் பார்த்தார். அந்தக் கட்டம் போட்ட சட்டை நனைந்திருந்தது.

“அந்த ஒண்ணுமில்லாததத்தான் தம்பி எடுக்கச் சொல்றேன்” என்றார். “வெட்டாம எடு. முழுசா எடு.”

பேட்டரி தீரும்வரை எடுத்தேன்.